முத்துராக்குவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது

கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பொங்கல் விடுமுறையில் அவர் தம் அப்பாவோடு உட்கார்ந்து ‘தில்லானா மோகனாம்பாள்’ பார்த்திருக்கிறார். அப்பாவுக்குக் கண் கலங்கிய இடங்களில் தமக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்றும், தாம் சிரித்த இடங்களில் அப்பாவின் முகம் இறுகிப் போயிருந்தது என்றும், “நானும் உன் வயசுல இங்கெல்லாம் சிரிச்சவன்தான்” என்று அப்பா சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். படம் அதே படம், ஒரு காட்சி கூடவுமில்லை குறையவுமில்லை. வயது ஏறினால் மட்டும் அது எப்படி வேறு படமாகிவிடும் என்பது அவர் கேள்வி.

பார்க்கிறவர் மாறிவிடுகிறார் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அது பிழையில்லை, ஆனால் அதனால் ஒன்றும் விளங்கப் போவதுமில்லை. எந்தக் காட்சியில், எந்த அனுபவத்தால், யாருடைய பக்கமாக நகர்ந்துவிடுகிறோம் என்று பார்த்தால்தான் விளங்கும். இந்தப் படத்தை நான் 10 வயதில் ஒரு முறை, 28 வயதில் ஒரு முறை, 65 வயதில் ஒரு முறை என்று முழுதாக மூன்று தடவை பார்த்திருக்கிறேன். பிறந்து வளர்ந்தது கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமம். படத்தில் நாயனம் வாசிக்கும் கதாநாயகன் சண்முகசுந்தரத்தின் ஊரான சிக்கல் எங்களுக்குக் கிழக்கே சைக்கிள் மிதித்துப் போய் வரும் தூரம்; நாட்டியமாடும் கதாநாயகி மோகனாவின் திருவாரூர் மேற்கே அதைவிடச் சற்று அதிகம். பிறகு நான் தமிழாசிரியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் திருவாரூரில்தான். இதற்கெல்லாம் மேலாக, என் தாய்மாமா தவில்காரர். ஆகவே இந்தப் படத்தை வெறும் கதையாக ஒதுங்கி நின்று பார்க்க எனக்கு எப்போதுமே வாய்த்ததில்லை.

கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுத, கோபுலுவின் ஓவியங்களோடு ஐம்பதுகளின் பிற்பகுதியில் வாரா வாரம் வந்த கதை அது. ஏ.பி.நாகராஜன் அதைப் படமாக்கி 1968 ஜூலை 27 அன்று வெளியிட்டார். அந்தத் தேதியை மேளக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது ஆடி மாதம். கல்யாண முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால், நாயனமும் தவிலும் பெரும்பாலும் உறையில் இருக்கும். பட்டணத்தில் இருந்த வித்துவான்கள் சாவகாசமாகப் போய்ப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்குப் படப்பெட்டி வந்து சேர்ந்ததோ மறு வருஷம், தை பிறந்து முகூர்த்தங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்த பிறகு. என் மாமா அப்போது இரவும் பகலும் ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தார். அவர் தொழிலைப் பற்றிய படம் வீட்டுக்கு அரைக் கல் தொலைவில் ஓடியபோது அவர் பார்க்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

10 வயதில் நான் பார்த்தது தரை டிக்கெட்டில், மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்து. ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ஒவ்வொரு பாகம் முடிந்ததும் விளக்கைப் போட்டு ரீல் மாற்றுவார்கள். அந்த இடைவெளியில் முறுக்குத் தட்டும் சோடா கலரும் சுற்றி வரும். ஏறத்தாழ 3 மணி நேரப் படம் இப்படித் துண்டு துண்டாகத்தான் எனக்குள் இறங்கியது. அந்த வயதில் எனக்குப் படம் என்றால் நாகேஷும் மனோரமாவும்தான். நாகேஷின் சவடால் வைத்தி குழைந்து குழைந்து பேசும்போதெல்லாம் கொட்டகையே சிரித்தது, நானும் சிரித்தேன். மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி வந்தால் பெண்கள் பக்கத்திலிருந்து தனியாக ஓர் ஆரவாரம் எழும். மன்னார்குடியில் பிறந்தவர் மனோரமா என்பதை அன்றே என் அத்தை ஒருத்தி சொந்தக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்வதைப் போலப் பெருமையாகச் சொன்னாள். மோகனாவின் தாய் வடிவாம்பாளாக வந்த சி.கே.சரஸ்வதி திரையில் தோன்றியதும் தரை டிக்கெட்டில் திட்டு விழுந்தது. நானும் மனதாரத் திட்டினேன். சண்முகசுந்தரம் கோபக்காரர், நல்லவர், மோகனா அழகு, தாய்க்காரி கெட்டவள், வைத்தி வேடிக்கையான ஆள். கணக்கு அவ்வளவுதான்.

28 வயதில், தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மாலை, வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்தேன். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தலைமை ஆசிரியரிடமும் அலுவலகத்திலும் குனிந்து நிற்க வேண்டிய தருணங்கள் வந்துகொண்டிருந்த காலம். ஆகவே என் கண் சண்முகசுந்தரத்தின் முதுகெலும்பைத்தான் பார்த்தது. அழகர் கோவிலில் அவர் உருகி வாசித்துக்கொண்டிருக்கும்போது வெடிச் சத்தம் குறுக்கிடுகிறது, கூட்டத்தின் கவனம் கலைகிறது; அவர் வாசிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துவிடுகிறார். 10 வயதில் அதை வெறும் கோபமாகப் பார்த்த எனக்கு 28 வயதில் அது ஒரு சமூகத்தின் கணக்குத் தீர்ப்பாகத் தெரிந்தது. கோயிலிலும் கல்யாணத்திலும் நாயனம் இல்லாமல் ஒரு மங்கல காரியம் நடக்காது. ஆனால் அதே நாயனக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று வாசிக்க வேண்டும் என்று வைத்திருந்த நாடு இது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அந்த மரியாதைக் குறைவைப் பொறுக்காமல் நிமிர்ந்து நின்றவர் என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வார்கள். சிவாஜி நிமிர்ந்து உட்கார்ந்து நாயனத்தை உயர்த்தும்போது அந்தக் கதைகள் அத்தனையும் என் கண் முன் வந்து நின்றன. தன்மானம் என்றால் இதுதான் என்று அன்றைக்கு நான் நம்பினேன். அதைத் தவறென்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே மனிதர் மோகனாவைச் சந்தேகப்படும் இடங்களையும் நான் அன்று அந்தத் தன்மானத்தின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன் என்பதை இப்போது நினைத்தால் மனம் வலிக்கிறது. பணக்காரர் ஒருவரின் பெயர் அவளோடு சேர்த்துப் பேசப்பட்டால் போதும், கேட்டுத் தெளியாமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 28 வயதில் அதைக் காதலின் வேகம் என்று ரசித்தேன். 65 வயதில் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஓரிடத்தில் அவள், “அவரு ஏம்ப்பா இவளை ஒரு தடவைகூட நம்ப மாட்டேங்கிறாரு?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பெண் தன் தாயை எதிர்த்தும், பணத்தை எதிர்த்தும், தன் பிறப்பின் மேல் ஊர் ஒட்டிவைத்த பெயரை எதிர்த்தும் நிற்கிறாள். அவள் செய்யும் அத்தனை துணிச்சலுக்கும் கிடைக்கும் கூலி மறுபடி ஒரு சந்தேகம். மோகனாவாக நடித்த பத்மினி இதை வசனத்தில் சொல்வதில்லை. கேட்ட சொல் உள்ளே இறங்குகிற வரைக்கும் அசையாமல் நிற்கும் அந்த முகத்தில்தான் அது இருக்கிறது. வழுவூர் இராமையா பிள்ளையிடம் பயின்றவர் அவர். ஆடும்போது அவர் கண் எவ்வளவு பேசுகிறது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆடாமல் நிற்கும்போது பேசுவதை நான் கவனிக்க 55 ஆண்டுகள் ஆயின.

இனி வடிவாம்பாளுக்கு வருகிறேன், ஏனென்றால் மூன்றாவது முறை பார்த்தபோது எனக்குப் படத்தில் மிகப் பெரிதாக மாறிப்போனவர்களில் அவர் ஒருவர்.

பணத்துக்காகப் பெற்ற மகளை மைனருக்கும் மகாராஜாவுக்கும் காட்டிக்கொடுக்கப் பார்க்கும் தாய் என்றுதான் படம் அவரைக் காட்டுகிறது. அந்தச் செயலை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் திருவாரூரில் ஆசிரியனாக இருந்த காலத்தில், என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் கொள்ளுப்பாட்டியை அடிக்கடி சந்திக்க வாய்த்தது. தேரோடும் வீதிக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் இருந்தார்; இளம்பிராயத்தில் சலங்கை கட்டியவர். ஒரு நாள் பேச்சுவாக்கில் அவர் சொன்னது: “சலங்கையைக் கழட்டுன்னாங்க, கழட்டிட்டோம் தம்பி. கழட்டுனது நல்லதுதான், எம் பேத்திங்கள்ளாம் படிக்குதுங்க. ஆனா அன்னிக்கு ராத்திரி ஒல வைக்கிறதுக்கு அரிசி எங்கேருந்து வரும்னு யாரும் சொல்லலையே.” சொல்லும்போது கை தன்னையறியாமல் கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் பெயராகக் குறிப்பிடுகிறது. இன்ன ஊரிலிருந்து வந்தவள், இன்ன வரிசையில் இன்ன வீடு, ஆண்டுக்கு ஒரு பங்காக 100 கலம் நெல் என்று அது கணக்கு வைத்திருக்கிறது. அவர்களில் பலர் திருவாரூர்க் கோயில்களிலிருந்து வந்தவர்கள். ஆடுகிறவளுக்கு வீடும் நெல்லும் என்று கல்லில் வெட்டிக் கொடுத்த அந்த ஏற்பாடு, நூற்றாண்டுகள் செல்லச் செல்லக் கோயிலின் கையிலிருந்து பண்ணையாரின் கைக்கும் மைனரின் கைக்கும் நழுவியது. ஆட்டத்துக்குக் கிடைத்த நெல் உடம்புக்கான விலையாக மாறியது. அதை உடைக்க முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். அந்தக் கொடுமையைத் தாமே அனுபவித்து வெளியே வந்து ஊர் ஊராகப் பேசி, 1936இல் நாவலாகவும் எழுதினார் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவர் திருவாரூரில் பிறந்து மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூரில் வளர்ந்தவர். 1929இல் வந்த சட்டத் திருத்தம் கோயில் ஊழியத்துக்காக விடப்பட்டிருந்த மானிய நிலங்களை ஊழியக் கட்டிலிருந்து விடுவித்து அந்தப் பெண்களுக்கே ஆக்கியது. 1947இல் பொட்டுக்கட்டுதல், அதாவது பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம், சென்னை மாகாணத்தில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நிலம் இருந்த வீட்டுக்குத்தான் நிலம் பிடிமானமானது. நிலம் இல்லாத வீட்டில், ஆட்டத்தைத் தவிர வேறு தொழில் அறியாத ஒரு தாய்க்கு, மகளின் சலங்கை ஓய்ந்தால் அடுத்தது என்ன என்ற பயம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்!

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால் வடிவாம்பாளின் பேராசை வேறு மாதிரி தெரிகிறது. அவர் எந்நேரமும் பணத்தைப் பற்றியே பேசுகிறார் என்பதைப் பசியை ஏதோ ஒரு காலத்தில் நேரில் கண்டவர் பேசுவதாக நான் இப்போது கேட்கிறேன். மகள் ஒரு நாயனக்காரரைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தப் போகிறேன் என்கிறாள். தாயின் வம்சத்தில் அப்படி ஒரு வாழ்க்கையை யாரும் வாழ்ந்து காட்டியதில்லை. தெரியாத ஒன்றின்மேல் மகளை ஏற்றி அனுப்ப அவருக்குத் தைரியம் இல்லை. இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்த பிறகு பார்க்கிற எனக்கு, அந்தத் தைரியக் குறைவு அந்நியமாக இல்லை. அவர் தேர்ந்தெடுத்த வழி தவறு, பயம் மெய்.

இதே காரணத்தால் வைத்தியைப் பார்த்து என்னால் இப்போது சிரிக்க முடிவதில்லை. நாகேஷின் நடிப்பில் குறை இருப்பதாகச் சொல்லவில்லை. அந்த உடல்மொழிக்கும் சொல் வேகத்துக்கும் இணை சொல்ல இன்றைக்கும் ஆளில்லை. ஆனால் அவர் செய்யும் தொழில் தரகு, தரகு போவது ஒரு பெண்ணை. கும்பகோணத்துத் தம்பியின் அப்பாவுக்கு முகம் இறுகியது பெரும்பாலும் இந்த இடமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நடிகர் எவ்வளவுக்கு எவ்வளவு திறமையாகச் செய்திருக்கிறாரோ அவ்வளவுக்கு அவ்வளவு அந்த ஆளின் கீழ்மை வயதானவர்களுக்கு உறைக்கிறது. அந்த வகையில் நாகேஷ் அன்றே ஒரு கொடியவனைத்தான் செதுக்கியிருக்கிறார். சிரிப்பு நாங்கள் சேர்த்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், நான் இந்த மண்ணில் பிறந்தவன் என்பதால் அதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. படம் வெளியான அதே 1968ஆம் ஆண்டு, டிசம்பர் 25 இரவில், எங்கள் பக்கத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். எங்கள் ஊருக்குப் படம் வந்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து. இரண்டாவது ஆட்டத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று பெரியவர்கள் சொன்னதும், முதல் ஆட்டம் முடிந்து வரப்பில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு யாரும் பேசாமல் நடந்ததும் நினைவிருக்கிறது, காரணம் தெரியாது. படத்தில் மைனர் வருகிறார், மகாராஜா வருகிறார், வைரத் தோடும் வண்டியும் வருகின்றன. அந்தச் செல்வம் எந்த வயலிலிருந்து வந்தது, யார் நட்டு யார் அறுத்தது என்று படம் காட்டவில்லை. அது கலைஞர்களின் கதை, வயலின் கதையாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆயினும் மைனரின் பங்களா திரையில் வரும்போது அந்த வரப்பும் என் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. 10 வயதுப் பையனுக்கு அந்த இரண்டும் தனித்தனி. 65 வயதுக்காரனுக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

சரி, முத்துராக்கு. டி.எஸ்.பாலையா நடித்த தவில்காரர் பாத்திரம்.

என் மாமா தவில் வாசித்த நாட்களில், வாசிப்புக்கு முன் அவர் விரலில் கூடு மாட்டும் வேளையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். துணிப்பட்டையைப் பசை தடவிச் சுற்றிச் சுற்றி, காயவைத்துக் கல் போல இறுக்கிய கூடுகள். வலக்கை விரல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அவற்றை ஒரு சின்னத் தகர டப்பாவில் வைத்திருப்பார். ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே ஊதி, மாட்டி, தொடையில் தட்டிப் பார்ப்பார். இடக்கையில் கோல். தவிலின் ஒரு பக்கத்துக்குக் கூடிட்ட விரல், மறு பக்கத்துக்குக் கோல். இரண்டும் சேர்ந்து எழுப்பும் சத்தத்துக்கு முன்னால் நாயனத்தைத் தவிர வேறெந்த வாத்தியமும் நிற்க முடியாது. அப்படிப்பட்ட பலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாயனக்காரர் ராகம் ஆலாபனை செய்யும் ஒரு மணி, இரண்டு மணி நேரமும் தவில்காரர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா என்றால் தூங்குவதில்லை. அடுத்து அவர் எந்தக் கீர்த்தனையை எடுக்கப் போகிறார், எந்தக் காலத்தில் எடுக்கப் போகிறார், இன்றைக்கு உடம்புக்கு எப்படி இருக்கிறது, மூச்சு எங்கே சுருங்குகிறது, நாயனத்தின் வாயில் செருகும் சீவாளி சரியாகப் பேசுகிறதா, கூட்டத்தில் யாராவது அவர் மனத்தைக் கெடுத்துவிட்டார்களா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். “தவுலு கையில கெடயாதுடா, கண்ணுல இருக்கு” என்று மாமா சொல்வார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் போன்ற மேதைகள் தவிலுக்கென்று தனிப் புகழைச் சம்பாதித்தது உண்மைதான். ஆனால் பெரும்பாலான தவில்காரர்களின் வாழ்க்கை இப்படி இன்னொருவர் முகத்தைப் படிப்பதில்தான் கழிகிறது.

மூன்றாம் முறை பார்க்கும்போது என் கண் தன்னால் பாலையாவிடம் போய்விட்டது. அழகர் கோவிலில் சண்முகசுந்தரம் எழுந்து போகிறார் என்றால் அவர் ஒருவர் மட்டும் போகவில்லை, ஒரு செட்டே எழுகிறது. தலைவருக்குக் கோபம் வந்தால் இரண்டாம் நாயனத்துக்கும், தவிலுக்கும், தாளத்துக்கும், சுருதி பிடிக்கும் ஒத்துக்கும் அன்றைய சன்மானம் என்னாகும்? அச்சாரம் வாங்கிய அடுத்த ஊர்க் கச்சேரி என்னாகும்? திரையில் எழுந்து போகும் அந்தத் தன்மானத்தின் செலவுக் கணக்கை எழுதிக்கொண்டிருப்பவர் முத்துராக்கு. ஆனால் அவர் கணக்குக் கேட்கிறவர் போல எங்கேயும் முகம் காட்டுவதில்லை. கோபத்தைத் தணிக்கிறார், தூது போகிறார், இரண்டு பக்கத்துக்கும் பொறுக்கும்படி சொல்லை மாற்றிச் சொல்கிறார், தலைவர் சொல்ல முடியாததைத் தம் வாயால் சொல்கிறார், அதற்காகத் தலைவரிடமே திட்டும் வாங்கிக்கொள்கிறார். 28 வயதில் இவரை நான் நகைச்சுவைப் பாத்திரமாக மட்டும் பார்த்தேன் என்பதை நம்பவே முடியவில்லை.

நாயனத்துக்கும் ஆட்டத்துக்கும் நடக்கும் போட்டியின் முடிவில் விஷம் தோய்ந்த கத்தி சண்முகசுந்தரத்தின் கையில் பாய்கிறது. நாயனக்காரருக்குக் கை போனால் உயிர் போன மாதிரி. அந்தக் காயத்துக்குப் பிறகு அவர் மோகனாவின் ஆட்டத்துக்கு வாசிக்கும் ‘நலந்தானா’ காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். கண்ணதாசனின் பாட்டு, சுசீலாவின் குரல், கே.வி.மகாதேவனின் இசை. அவள் அபிநயத்தில் கேட்கிறாள், அவர் நாயனத்தில் பதில் சொல்கிறார். 28 வயதில் அவர்கள் இருவரை மட்டும் பார்த்தேன். இப்போது அவர்களுக்குப் பக்கத்தில் தவிலை வைத்துக்கொண்டு இருக்கும் மனிதரைப் பார்க்கிறேன். கையும் கோலும் தாளத்தில் இருக்கின்றன. முகமோ அந்தக் காயம்பட்ட கையின் பக்கம் இருக்கிறது. இந்தக் கை தாங்குமா, இந்த மூச்சு இந்தச் சங்கதியை முடிக்குமா, விட்டுவிட்டால் நான் எந்த இடத்தில் எடுத்துச் சமாளிக்க வேண்டும் என்று ஒரு தவில்காரனின் மனம் ஓடும் ஓட்டம் முழுதும் பாலையாவின் கன்னத்திலும் புருவத்திலும் இருக்கிறது. அந்த நேரத்தில் அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. எனக்கு அதைப் படிக்க 65 வயது வேண்டியிருந்தது. கும்பகோணத்துத் தம்பிக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் அப்பா கண் கலங்கியபோது திரையில் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். காதலர் இருவரையும்தான் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

காதைப் பற்றியும் ஒரு சொல். சிறுவனாக இருந்தபோது திரையில் கேட்பது சிக்கல் நாயனம் என்றே நம்பினேன். உண்மையில் அந்த வாசிப்பு மதுரை சகோதரர்கள் எம்.பி.என்.சேதுராமன், எம்.பி.என்.பொன்னுசாமி ஆகியோருடையது, சிவாஜியும் ஏ.வி.எம்.ராஜனும் விரலும் மூச்சும் அதற்கு இசைய நடித்தார்கள். அந்த நடிப்பு எவ்வளவு நுட்பம் என்பது, நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து துளையிடுவதையும், காவிரிக் கரை நாணலைப் பதப்படுத்திச் சீவாளி கட்டுவதையும் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கொத்தாகத் தொங்கும் சீவாளிகளில் ஒன்றைத் தொட்டு, உதட்டில் நனைத்து, திருப்தி இல்லாமல் மாற்றும் அந்தச் சின்ன வேலை இருக்கிறதே, அது எந்த நாயனக்காரரும் யோசிக்காமல் செய்வது. எனக்கு ஒரே ஒரு மனக்குறை, அது படத்தின் குற்றம் ஆகாது: சாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி தொடங்கி, நடுநிசிக்குமேல் ஒரு தோடியை இரண்டு மூன்று மணி நேரம் விரித்த தஞ்சாவூர் வாசிப்பை எந்தப் படமும் தனக்குள் அடைத்துவிட முடியாது. திரையில் 3 நிமிஷம் கேட்டது எனக்கு அந்த இரவுகளுக்கான வாசலாக மட்டும் இருக்கிறது. அந்த இரவுகளைக் கேட்டிராத என் மகளுக்கு அந்த 3 நிமிஷமே முழு இசை. ஒரே படத்தை அப்பாவும் பிள்ளையும் வேறு வேறாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது முறை நான் பார்த்தது மாமாவின் வீட்டில். அவருக்கு வயது 80ஐத் தாண்டிவிட்டது. கை நடுங்கத் தொடங்கிப் பத்து வருஷமாகிறது. தவில் உறைக்குள் பரண்மேல் இருக்கிறது. தம் வாழ்நாளில் இந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததே இல்லை என்று அவர் சொன்னபோது நான் திகைத்துவிட்டேன். “எங்கடா நேரம்? படம் ஓடுற நாள்ல எல்லாம் எனக்குக் கல்யாணம் இருக்கும்” என்றார். மகள்தான் தன் பெரிய திரைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினாள். மாமா அதிகம் பேசவில்லை. வைத்திக்குச் சிரிக்கவில்லை, வடிவாம்பாளைத் திட்டவில்லை. அழகர் கோவில் காட்சியில் செட்டோடு எழுந்து போனதும், “சாப்பாடு போட்டாங்களோ என்னவோ” என்றார், அவ்வளவுதான். பாலையா வரும்போதெல்லாம் அவருடைய வலக்கை விரல்கள் வேட்டியின்மேல் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தன. நடுக்கம் எது, தாளம் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

‘நலந்தானா’ வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது; மகளும் அசையாமல் இருந்தாள். மாமா மட்டும் முன்னால் குனிந்து திரைக்கு மிகப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். கதாநாயகனையும் நாயகியையும் தாண்டி, பாலையாவையும் தாண்டி, பின்வரிசையில் எதையோ தேடினார். தவிலுக்கு வருவதற்கு முன், 9 வயதிலிருந்து 16 வயது வரை மாமா ஒரு பெரிய வித்துவானின் செட்டில் ஒத்து ஊதிய பையன். ஒத்துக்குச் சங்கதி கிடையாது, கைதட்டல் கிடையாது. விடிய விடியக் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை எடுத்து, ஒரே சுருதியை அறாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அது நின்றால்தான் அப்படி ஒன்று இருந்ததே சபைக்குத் தெரியும்.

“நிறுத்தும்மா கொஞ்சம்” என்றார் மகளிடம். படம் நின்றது. நடுங்கும் விரலைத் திரையின் ஓரத்தில் வைத்து, “ஒத்து யாரு ஊதுறா, தெரியுதா பாரு” என்றார். நாங்கள் மூன்று பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தோம்.